ஒரு ஓட்டு வித்தியாசத்தில்

தேர்தலுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்த வீட்டில் பாத்திரம் கழுவ மாட்டேன். துணி காயப் போட மாட்டேன். மாநிலத்தின் தலைவிதியை எழுதிய கையால் சவர்க்காரத்தைத் தொடுவது ஜனநாயகத்துக்கே அவமரியாதை.

என் பெயர் பால்ராஜ். பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் கியூசி வேலை. சரியாக இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. கெலுகோரில் அடுக்குமாடி வீடு, ஐந்தாவது மாடி. மனைவி சவுந்தரம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். இத்தனை வருஷத்தில் அவளை எதிர்த்து நான் இறங்கிய எந்த வாக்குவாதத்திலும் எனக்கு வைப்புத்தொகைகூடத் திரும்பக் கிடைத்ததில்லை.

அப்படிப்பட்ட எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? நூர் முகம்மதுவின் ரொட்டிக் கடையிலிருந்து வந்தது.

காலையில் கடைக்குள் நுழைந்தேன். மூன்றாவது மாடி பிச்சைமுத்து கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி கூப்பிட்டார்.

"அண்ணே, ரிசல்ட் பாத்தீங்களா? நம்ம சீட்டுல நோர்மா ஜெயிச்சிட்டாங்க. எத்தனை ஓட்டுல, சொல்லுங்க?"

"ஆயிரம்?"

"ஒண்ணு."

"ஒரு ஆயிரமா?"

"ஒண்ணே ஒண்ணு லா! மூணு தடவை எண்ணியிருக்காங்க."

நான் ஈரமாக இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க யாருக்குண்ணே போட்டீங்க?"

"நோர்மாவுக்குத்தான்."

"எத்தனை மணிக்கு?"

அது ஒரு கதை. சவுந்தரத்துக்கு ஓட்டு எண்ணும் பணி. சனிக்கிழமை நாலு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். "ஆறு மணிக்குக் கதவை மூடிருவாங்க, எந்திரிச்சுப் போங்க" என்று சோபாவில் படுத்திருந்த என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் எழுந்தது ஐந்தே முக்காலுக்கு. செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆறு ஆக மூன்று நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன். எனக்குப் பின்னால் போலீஸ்காரர் கதவைச் சாத்தினார்.

"அப்ப உங்களுதுதான் கடைசி ஓட்டா?"

"எனக்குப் பின்னால காத்துகூட வரல."

பிச்சைமுத்து எழுந்து நின்றுவிட்டார். "கணக்குப் போடுங்கண்ணே. நீங்க உள்ள போறப்ப ரெண்டு பேரும் சமம். உங்க ஓட்டு விழுந்துச்சு. நோர்மா ஜெயிச்சிட்டாங்க. ஒரு ஓட்டுல! அந்த ஒரு ஓட்டு யாரோடது?"

இந்தக் கணக்கில் எங்கோ ஓர் ஓட்டை இருப்பதாக எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஓட்டுக்கும் ஓட்டைக்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம் என்று நான் அந்தக் குரலை உட்காரச் சொல்லிவிட்டேன்.

"நூர் முகம்மது பாய்!" பிச்சைமுத்து கத்தினார். "நம்ம சட்டமன்ற உறுப்பினரை உருவாக்கினவர் இங்க உக்காந்திருக்காரு!"

நூர் முகம்மது கல்லை விட்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் ரொட்டியில் அன்றைக்கு இரண்டு முட்டை. நான் கேட்டது வெறும் ரொட்டி.

வீட்டுக்கு வந்தேன். சவுந்தரம் அப்போதுதான் எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள்.

"சவுந்தரம், நோர்மாவை ஜெயிக்க வச்சது யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"இந்த விரல்." மை காயாத இடது ஆள்காட்டி விரலை நீட்டினேன். பெரும்பான்மையில் இருந்த மை முழுக்க அதில்தான் இருந்தது.

அவள் விரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நீளமாக இருமினாள்.

"நேத்து எனக்கு உங்க பெட்டிதான் வந்துச்சு. நான்தான் எண்ணினேன்."

"அப்ப என் ஓட்டைப் பாத்திருப்பியே!"

"எண்ணுறவங்க எல்லாம் ரகசியம் காப்போம்னு எழுதிக் குடுத்திருக்கோம். உள்ள பாத்ததை வெளிய சொன்னா ஜெயில்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஊரே சொல்லுது. வீட்டுல கொஞ்சம் மரியாதை குடுத்தா போதும்."

"குடுத்தாப் போச்சு" என்றாள்.

நான் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். ஏழு காரணங்கள் வைத்திருந்தேன். ஒன்றையும் எடுக்க வேண்டி வரவில்லை. அவளே பாத்திரம் கழுவினாள். அவளே துணி காயப் போட்டாள். பாசாருக்குக் காய்கறி வாங்கத் தானே பை எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை பாட்டுக்கூடப் பாடினாள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"என்ன சிரிப்பு?"

"பேசக்கூடாதுன்னுதான் சட்டம். சிரிக்கக்கூடாதுன்னு இல்ல."

நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். காலையில் கடைக்குப் போனால் மதியம்தான் வீடு. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கடை. செவ்வாய்க்கிழமைக்குள் கதை கொஞ்சம் வளர்ந்துவிட்டது. போலீஸ்காரர் கதவை மூடும்போது நான் காலை நீட்டித் தடுத்தேனாம். புதன்கிழமைக் கதையில் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, நூற்று இரண்டு டிகிரி, அதோடுதான் ஓடினேனாம். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொன்னவர்களைத் தடுக்கவும் இல்லை.

வியாழக்கிழமை நோர்மாவின் சேவை மையத்திலிருந்து அழைப்பு வந்தது. வருகிற ஞாயிறு மதியம் சமூக மண்டபத்தில் நன்றி விருந்து. கடைசி ஓட்டுப் போட்ட பெரியவருக்குப் பொன்னாடை. அவர் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பிச்சைமுத்து போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான் பேச்சு எழுதினேன். நாலு பக்கம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் சவுந்தரத்தை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன்.

"அன்பார்ந்த பெருமக்களே! ஒரு மனிதனின் ஒரு நொடி..."

"கொஞ்சம் நிறுத்துங்க. கேக்குறவங்களுக்கு அந்த இடம் கண்ணு முன்னால வரணும்ல? உள்ள போய் என்ன பண்ணுனீங்கன்னு ஒழுங்கா எழுதலையே."

"என்ன எழுதணும்?"

"பேப்பர் குடுத்தாங்க. அப்புறம்?"

"நோர்மா பேருக்கு நேரா பெருக்கல் குறி போட்டேன்."

"அப்புறம்?"

"மடிச்சேன். பெட்டியில போட்டேன்."

"மடிக்கிறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும்..."

நிறுத்திவிட்டேன். என் வலது கை மேசை மேல் இருந்தது. அதைப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம், ஒரு நாளைக்கு நானூறு தாள். பெட்டிக்குள் ஒரு குறி, பக்கத்தில் கையெழுத்து, கீழே தேதி. அந்தக் கை என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்ததில்லை.

"சவுந்தரம்."

"சொல்லுங்க."

"நான் கையெழுத்துப் போட்டேனா?"

"என்னைக் கேட்டா? நான் ரகசியம் காக்கிறவ."

"தேதியும் போட்டேனா?"

"பொதுவா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. போட்டது யாருன்னு தெரியற மாதிரி எதையாவது எழுதி வச்சா அந்த ஓட்டு செல்லாது. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. நேத்து பேப்பர்லகூட வந்துச்சு."

"சவுந்தரம், நேரா சொல்லு."

"நேரா சொல்ல முடியாது. ரெண்டு கட்சி ஏஜென்ட்டும் ஒரு சீட்டைக் கால் மணி நேரம் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் கையெழுத்து ரொம்ப அழகா இருக்குன்னாரு. யாரோட சீட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் பேச்சுத் தாளை மடித்தேன்.

"அது மட்டும் ஒழுங்கா விழுந்திருந்தா வித்தியாசம் ரெண்டா இருந்திருக்கும்" என்றாள். "மூணாவது தடவை எண்ணியிருக்க மாட்டோம். என் முதுகு வலிக்கு யாரு காரணம்னும் நான் சொல்ல மாட்டேன்."

இருபத்தொன்பது வருஷம் அவளுக்கு நான் செல்லம் என்று நம்பியிருந்தேன். ஒரே மத்தியானத்தில் செல்லாதவன் ஆகிவிட்டேன்.

"நாளைக்கு எனக்கு வயித்து வலி" என்றேன்.

"முந்நூறு பேருக்குச் சமைக்கிறாங்க. கூப்பிட்ட மரியாதைக்குப் போகணும்."

"போய் என்ன சொல்றது?"

"எழுதுனதைச் சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியுமே."

"நான் வாயே திறக்க மாட்டேன். முன் வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டு மட்டும் இருப்பேன்."

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஐந்தாறு பேர் கை கொடுத்தார்கள். சாமியார்கூடத் தோளில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் நான் ஓர் அங்குலம் குள்ளமானேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிரியாணி வாசனை. பிச்சைமுத்து வாசலிலேயே நின்று என்னை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தார், தானே வளர்த்த பிள்ளை மாதிரி. மேடையில் நோர்மா, ஐம்பது வயதிருக்கும் மலாய்க்காரப் பெண்மணி, எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து வரவேற்றார். மைக் என் கைக்கு வந்தது.

முன் வரிசையில் சவுந்தரம். நீலப் புடவை. சொன்ன வாக்கு மாறவில்லை. வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"அன்பார்ந்த பெருமக்களே" என்று ஆரம்பித்தேன். நாலு பக்கத்தையும் பையில் வைத்தேன். தமிழில் பாதி மலாயில் பாதியாகச் சொன்னேன்.

"நான் கடைசியாப் போனது உண்மை. நோர்மாவுக்குப் போட்டதும் உண்மை. ஆனா பழக்க தோஷத்துல பக்கத்துலயே கையெழுத்தும் தேதியும் போட்டுட்டேன். என் ஓட்டு செல்லாத ஓட்டு. என்னால யாரும் ஜெயிக்கல. ஒரு வாரமா நீங்க எல்லாம் வாங்கிக் குடுத்ததைச் சும்மா சாப்பிட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

பிச்சைமுத்து தரையைப் பார்த்தார். பிறகு எங்கோ பின்னால் நூர் முகம்மது சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. நோர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"எனக்குத்தான் ஓட்டுப் போட்டதா இந்த வாரம் ஆயிரம் பேர் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தவர் இவர் ஒருத்தர்தான்" என்றார் மலாயில். ஒரே கைதட்டல். பொன்னாடை எனக்கே விழுந்தது. "இப்படி உண்மை பேசுற ஆள்தான் நம்ம குடியிருப்புக் குழுவுக்கு வேணும். இவர் பேர் ஏற்கெனவே பட்டியல்ல இருக்கு. இன்னைக்கே அறிவிக்கிறேன்."

மறுபடியும் கைதட்டல். பிச்சைமுத்துதான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார். நான் இழந்த அங்குலங்கள் எல்லாம் வட்டியோடு திரும்பி வந்தன.

திரும்பும்போது சவுந்தரம்தான் காரை ஓட்டினாள். நான் பொன்னாடையைக் கழற்றவில்லை.

"பாத்தியா? உண்மையைச் சொன்னேன், பதவியே வந்துருச்சு. ஓட்டு செல்லாட்டியும் ஆள் செல்லுபடி ஆயிட்டேன்."

"நல்லாப் பேசுனீங்க" என்றாள். நிஜமாகவே சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஆமா, பேரு ஏற்கெனவே பட்டியல்ல இருக்குன்னாங்களே. யாரு குடுத்தது? பிச்சைமுத்துவா?"

"நான்தான்."

"நீயா? எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. நீங்க கடையில இருந்தீங்க. சேவை மையத்துலேர்ந்து வீட்டுக்கு போன் பண்ணுனாங்க, குழுவுக்கு ஆள் வேணும், உங்க வீட்டுக்காரர் வருவாரான்னு கேட்டாங்க. வாரத்துல எத்தனை நாள்னு கேட்டேன். அஞ்சு நாள், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், சனிக்கிழமை காலையில கால்வாய் சுத்திப் பாக்குற வேலைன்னாங்க. உடனே எழுதிக்கச் சொல்லிட்டேன்."

"என் திறமை வீணாப் போகக்கூடாதுன்னுதானே?"

அவள் சமிக்ஞை விளக்கில் காரை நிறுத்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க. எட்டு மாசமா நான் ஸ்கூல் விட்டு வந்தா நீங்க பின்னாடியே வந்து, மஞ்சள்தூள் டப்பா ஏன் மிளகாய்த்தூள் பக்கத்துல இருக்கு, அரிசி மூடி ஏன் கோணலா இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இந்த ஒரு வாரமா நீங்க கடையே கதின்னு கிடந்தீங்க. நான் காலை நீட்டி உக்காந்து காப்பி குடிச்சேன். அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

அதனால்தான் முதல் நாளே உண்மையைச் சொல்லாமல் என்னை ஊர் சுற்ற விட்டாளா? கேட்க வாயெடுத்தேன். பதில் தெரிந்த கேள்வி என்பதால் வேறு கேள்வி கேட்டேன்.

"இந்தக் குழுப் பதவி எத்தனை மாசத்துக்கு?"

விளக்கு பச்சையானது. சவுந்தரம் காரை எடுத்தாள்.

"அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும்."