சாகண் ஆலையில் ரக்பி லீக் ஆண்டு

புனே பக்கத்துச் சாகணில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. காரை யாரோ செய்தார்கள், கதவை வேறு யாரோ செய்தார்கள், கைப்பிடியை மட்டும் இங்கே செய்தார்கள். அங்கே மனிதவளத் துறையின் துணைத் தலைவராக இருந்தவர் ரங்கராஜன், சென்னைக்காரர். கண்ணாடி அறை, இரண்டு தொலைபேசி, சுழல் நாற்காலி எல்லாம் கொடுத்து முதலாளி அவரிடம் ஒப்படைத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: ஆலைக்குள் யூனியன் வரக்கூடாது.

அந்த வேலையை அவர் பக்தி சிரத்தையோடு செய்துவந்தார். பெயரில் அந்தச் சொல் இருந்த ஒரே குற்றத்துக்காக, சம்பளம் போடும் வங்கியை மாற்றினார். கேன்டீன் பலகையில் ஆனியன் ஊத்தப்பத்தை எழுதிய சமையல்காரன் ஓர் எழுத்துப் பிசகி யூனியன் ஊத்தப்பம் என்று எழுதிவிட, அவனுக்கு மெமோ போனது. அன்று ஊத்தப்பம் தின்றவர்கள் யார் யார் என்றும் விசாரிக்கப்பட்டது.

இப்படிப்பட்டவர் மேஜைமேல் 2008-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு விண்ணப்பம் வந்து விழுந்தது. அனுப்பியவர் இன்பநாதன். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். புனேயை ஒட்டிய கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவரும் சில சகாக்களும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மைதானத்தில் ரக்பி ஆடுகிறவர்கள். ஒரு போட்டியில் ஆலையின் பெயரைப் போட்டுக்கொண்டு கலந்துகொள்ள அனுமதி கேட்டிருந்தார். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே 'ரக்பி யூனியன்' என்று இருந்தது.

ரங்கராஜன் ஆளனுப்பினார்.

"என்னய்யா இது? பட்டப்பகல்ல, கையெழுத்தும் போட்டு, யூனியன்னு எழுதிக் குடுத்திருக்கே!"

"அது கேம் பேரு சார். பந்தை எடுத்துக்கினு ஓடறது."

"எத்தனை பேர்?"

"பதினஞ்சு பேரு சார்."

"பதினஞ்சு பேரும் சேர்ந்து என்ன பண்ணுவேள்?"

"தோளோட தோள் சேர்த்துக்கினு தள்ளுவோம் சார்."

"யாரை?"

"எதிர்ல நிக்கறவனைத்தான்."

ரங்கராஜன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, பரிசீலிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, பயிற்சி அதிகாரி ஹரிபிரசாத்தைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பையன், எம்.பி.ஏ. எந்தப் பிரச்சினையானாலும் இணையத்தில் தேடி அரைமணியில் தீர்வு கொண்டுவருவான். அன்றும் கொண்டுவந்தான்.

"சார், இதுலயே இன்னொரு ஆட்டம் இருக்குதுங்க. ரக்பி லீக்னு பேரு. யூனியன்லருந்து பிரிஞ்சு வந்தவங்க ஆடறதுங்க."

ரங்கராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யூனியனே வேண்டாம்னு வந்தவாளா?"

"ஆமாங்க சார். நூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

"எதுக்குப் பிரிஞ்சா?"

"அது அடுத்த பக்கத்துல இருக்குதுங்க."

"வேண்டாம் விடு. பிரிஞ்சாளே, அதுதான் முக்கியம். எத்தனை பேர் ஆடறா?"

"பதிமூணு பேருங்க."

"ஆட்டம் அதேதானே?"

"கிட்டத்தட்ட அதேதானுங்க."

"அதே உற்பத்தி, ரெண்டு தலை குறைச்சல்!" என்று ரங்கராஜன் எழுந்தே நின்றுவிட்டார். "ஹரி, நூறு வருஷம் முன்னாடியே இதை யோசிச்சிருக்கான் பார், அவன் மேனேஜர்!"

மேலும் தேடியதில், அந்த 2008 சாதாரண ஆண்டே அல்ல என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் லீக் ஆட்டத்துக்கு நூற்றாண்டு. அக்டோபரில் அங்கேயே உலகக் கோப்பை, பத்து நாடுகள். உலகமே கொண்டாடும்போது சாகண் சும்மா இருப்பது நிர்வாகத் திறமைக்கு அழகல்ல. ஆகவே சுற்றறிக்கை எண் ஒன்று வெளிவந்தது: நடப்பு ஆண்டு நமது ஆலையின் ரக்பி லீக் ஆண்டாக அனுசரிக்கப்படும், நிரந்தரத் தொழிலாளர் அனைவரும் இன்று முதல் 'ஆலை லீக்'கின் உறுப்பினர்கள், உறுப்பினராக விரும்பாதவர்கள் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

ஒருவரும் எழுத்துமூலம் எதுவும் தெரிவிக்கவில்லை. நூற்றுக்கு நூறு ஆதரவு என்று முதலாளிக்கு அறிக்கை போனது.

இன்பநாதன் அன்று மாலை வீட்டில் மனைவி டோரீனிடம் விஷயத்தைச் சொன்னார். டோரீன் கன்டோன்மென்ட் பள்ளியில் டீச்சர்.

"யூனியனுக்குப் பர்மிஷன் கேட்டேன். லீக் குடுத்திருக்காங்க."

"கேட்டது கிடைச்சதா, கிடைக்கலையா?"

"அதான் தெரியல. ரெண்டு பேரைக் கழட்டிவிடச் சொல்றாங்க."

"ஆட்டத்துலயே ஆள் குறைப்பா? நல்லா இருக்கே உங்க கம்பெனி."

லீக் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. பந்து வைத்திருக்கும் அணியை ஆறு தடவை மடக்கிப் பிடித்துவிட்டால், பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். இதைப் படித்த அன்று ரங்கராஜனுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் காலத்தில் புனேயில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சுவரில் ஏதாவது ஒரு ஜப்பானிய அல்லது அமெரிக்கத் தத்துவம் தொங்கிக்கொண்டிருக்கும். இவர் ஆலைக்கென்று சொந்தமாக ஒன்று இல்லையே என்ற குறை அவருக்கு நெடுநாளாக இருந்தது. 'ஆறு பிடி நிர்வாக முறை' பிறந்தது. இதன்படி எந்த ஃபைலையும் ஒரு துறை ஐந்து முறை திருப்பி அனுப்பலாம். ஆறாவது முறை அதை வேறு துறைக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்ற புகார் இந்த முறையில் எல்லாத் துறைகளையும் சுற்றிவந்து, சான்றிதழ் பெற்றது. குழாய்க்குச் சான்றிதழ் கிடையாது, புகாருக்கு.

பந்தைக் கையால் பின்பக்கம்தான் தள்ளலாம் என்பது இன்னொரு விதி. இதற்கு மட்டும் அதிகாரிகள் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை.

ஆண்டு இப்படிச் சிறப்பாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு சிறு குறை தெரியவந்தது. எதிரணி இல்லை. ரங்கராஜன் விசாரித்த வரையில், சுற்றுவட்டாரத்தில் ரக்பி ஆடிய அத்தனை பேரும் யூனியன்காரர்கள். ஹரிபிரசாத், லீக் ஆடும் பப்புவா நியூ கினிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினான். அதற்கும் பதில் வரவில்லை. பேச்சுவார்த்தை முன்னேற்றம் என்று குறிப்பெழுதி வைத்தான்.

இதற்குள் உலகத்தில் வேறொரு ஆட்டம் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஏதோ பேங்க் படுத்துவிட்டதாம்; அதனால் சாகணில் கார் வாங்க ஆளில்லை. கார் இல்லையென்றால் கதவில்லை. கதவில்லையென்றால் கைப்பிடி எதற்கு? ஆலை வாரத்தில் சில நாள்தான் ஓடியது. எந்த நாள் ஓடும், எந்த நாள் ஓடாது என்று தொழிலாளிகளுக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆனால் கேன்டீன் பலகையில் ஹரிபிரசாத் தினமும் உலகச் செய்தி எழுதிவந்தான். ஆஸ்திரேலியாவில் மான்லி நாற்பதுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் கோப்பையை வென்றது. தன் வேலை நாளைக்கு இருக்குமா என்று தெரியாதவன், ஃபிஜி அரையிறுதிக்குப் போனதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனான்.

"சார், பகார்ல பாதி போயிடுச்சு. பாதிச் சம்பளத்துல வீட்டுச் செலவுக்கு என்ன பண்றது?" என்று இன்பநாதன் நேரிலேயே கேட்டுப் பார்த்தார்.

"இந்த மாதிரி நேரத்துலதான் ஒற்றுமை உணர்வு வேணும்," என்றார் ரங்கராஜன். சொல்லிவிட்டு, ஒற்றுமை என்ற சொல்லும் ஆபத்தானதோ என்று தோன்ற, "அதாவது, ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்," என்று திருத்தினார்.

ஆண்டு நிறைவு விழா நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை என்று முடிவாயிற்று. பிரிஸ்பேனில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடக்கும் அதே நாள். எதிரணிப் பிரச்சினையையும் ரங்கராஜனே தீர்த்துவைத்தார்: தொழிலாளர் அணிக்கு எதிராக அதிகாரிகள் அணி. கேப்டன் அவரே. விதிகளில் ஒரே ஒரு சிறு திருத்தம்: தன்னைவிட மேல் கிரேடில் இருப்பவரை மடக்கிப் பிடிக்க விரும்புவோர் துறைத் தலைவரிடம் முன் அனுமதி பெறவேண்டும்.

முதலாளியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டத்துக்கு முன்னால் ரங்கராஜன் வரலாற்றுரை நிகழ்த்தினார். ஹரிபிரசாத் இணையத்திலிருந்து எடுத்துத் தயாரித்த உரை. முன்கூட்டிப் படித்துப் பார்க்க நேரமில்லை. ஜெர்சிக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் கமிட்டி அவ்வளவு நாளையும் சாப்பிட்டுவிட்டது.

"ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு," என்று அவர் கணீரென்று தொடங்கினார். "இங்கிலாந்தின் வடபகுதியில், ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து ஹோட்டல் ஒன்றில் இந்த ஆட்டம் பிறந்தது. ஏன் பிறந்தது? சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆடப்போனால் ஒரு ஷிஃப்ட் கூலி போயிற்று. இழந்த கூலியை ஈடுகட்டுங்கள் என்று அவர்கள்..." இங்கே குரல் சற்று இறங்கியது. "...கேட்டார்கள். பெரிய மனிதர்கள் மறுத்தார்கள். ஆகவே உழைப்பாளிகள் தனியே..."

நிறுத்தலாமென்றால் முதலாளி தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ரங்கராஜன் கடைசி வரிக்கு வந்தார்.

"அவர்கள் தங்கள் அமைப்புக்கு முதன்முதலில் சூட்டிய பெயர், வடக்கு ரக்பி... யூனியன்."

கைதட்டல் நிற்கப் பல நிமிஷம் ஆயிற்று. ரங்கராஜனின் பேச்சுக்கு அந்த ஆலையில் யாரும் மனதாரக் கைதட்டியது அதுவே முதல் தடவை. முதலாளி எழுந்து, துணைத் தலைவர் கூறிய ஒவ்வொரு சொல்லும் கம்பெனியின் கொள்கை என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது இயக்குநர் குழுவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து ரங்கராஜன் கைக்கு வந்ததும் தொழிலாளர் அணி இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. யாரிடமும் முன் அனுமதி இல்லை. அவர் ஓடினார். ஓடுவது எப்படி என்று ஹரிபிரசாத் சொல்லிக்கொடுத்திருந்தான். நிற்பது எப்படி என்று சொல்லவில்லை. கோட்டருகே இன்பநாதன் நின்றிருந்தார். அதிகாரி வரும்போது நகர்வது மரியாதையா, நிற்பது மரியாதையா என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தில் ரங்கராஜன் பந்தோடு மொத்தமாக அவர்மேல் விழுந்து கோட்டைத் தாண்டினார். நாலு புள்ளி அதிகாரிகளுக்கு. தோள்பட்டை எலும்பு முறிவு இன்பநாதனுக்கு.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் வீடு திரும்பியபோது, டோரீன் அவர் சட்டையைக் கத்தரித்துக் கழற்றினாள். பிறகு, "வலிக்குதா?" என்றாள். "கையை அசைச்சாதான்," என்றார். பிரஸ் ஷாப்பில் கையை அசைக்காமல் செய்யும் வேலை எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் வந்தது: தாங்கள் பணிக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை.

மறுநாள் காலை மொத்த ஆலையும் முதலாளி அறைக்கு வெளியே நின்றது. கோஷம் இல்லை, கொடி இல்லை. கட்டுப் போட்ட தோளோடு இன்பநாதன் முன்னால் நின்றார்.

"யார் நீங்கல்லாம்?" என்று முதலாளி ஹிந்தியில் கேட்டார்.

"லீக் சார். நீங்க ஆரம்பிச்சதுதான். எல்லாருமே மெம்பர். ஷிஃப்ட் போனா பகார் குடுக்கறது கம்பெனி பாலிசின்னு மைக்ல சொன்னீங்க."

முதலாளி ரங்கராஜன் பக்கம் திரும்பினார். "யூனியனா இது?"

"இல்லை சார், லீக்..." என்று ரங்கராஜன் இழுத்தார். வேறென்ன சொல்வார்?

"யூனியன் இல்லையே? அப்புறம் என்ன?" என்று முதலாளி அவர்கள் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். லீக் அங்கீகரிக்கப்பட்டது, இழந்த கூலிக்கு ஈட்டுத்தொகை இனி லீக் மூலமே, லீக்குக்கு ஓர் அறை, ஒரு தொலைபேசி, ஒரு சுழல் நாற்காலி. இன்பநாதன் செயலாளர். பிரிஸ்பேனில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்த செய்தி பலகையில் அழிக்கப்படாமல் இருந்தது. அதன் கீழே யாரோ, நாமும் என்று எழுதியிருந்தார்கள்.

விஷயம் முழுவதும் முதலாளிக்குப் புரிந்தபோது புத்தாண்டு பிறந்திருந்தது. சிக்கன நடவடிக்கையாக மனிதவளத் துறையே எடுக்கப்பட்டது. ஹரிபிரசாத்துக்கு உடனே வேறு வேலை கிடைத்தது. லீக்கில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டது.

மார்ச் மாதம் ஒரு மாலை ரங்கராஜன் கட்கிக்கு வந்தார். டோரீன் கதவைத் திறந்தாள். உள்ளே இன்பநாதன் ஒரு கத்தைக் கடிதங்களில் இடது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வலது தோள் இன்னும் சரியாகவில்லை.

"உக்காருங்க சார். இன்னா விசேஷம்?"

"என்னை வெளில அனுப்பிட்டா, இன்பநாதன். நோட்டீஸ்கூட சரியாக் குடுக்கலை. லீக்ல சேர்ந்தா எனக்காகப் பேசுவேளா?"

"பரிசீலிக்கப்படும் சார்," என்றார் இன்பநாதன். "கமிட்டி போடணும்."

டோரீன் டீ கொண்டுவந்து வைத்தாள். "ஆறறதுக்குள்ள குடிச்சிடுங்க சார். கமிட்டின்னு சொல்லியாச்சு."

ரங்கராஜன் கண் பழக்கதோஷத்தால் மேஜைமேல் இருந்த கடிதத்தை மேய்ந்தது. பெறுநர், இன்பநாதன். அனுப்புநர், செயலாளர் இன்பநாதன். தங்களது காயம் ஒப்பந்தம் கையெழுத்தான தேதிக்கு முன்னதாகவே ஏற்பட்டிருப்பதால், ஈட்டுத்தொகை வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம்.

"இது உங்க கேஸ்தானே?"

"ஆமா சார். ரூல்னா ரூல்தானே. எனக்கு நானே பாஸ் பண்ணிக்கிட்டா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று இன்பநாதன் அதிலும் கையெழுத்துப் போட்டார்.

"நாலு மாசமா என் சம்பளத்துலதான் வீடு ஓடுது," என்றாள் டோரீன். "அந்த நாலு பேரு அரிசி வாங்கித் தருவாங்களான்னு கேளுங்க."

ரங்கராஜன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. "ஹரி டிராஃப்ட்தானே? இதுக்கு மேல ஒருத்தனை மரியாதையா இல்லேன்னு சொல்லமுடியாது." பிறகு, பழைய அக்கறையோடு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இதை இப்படியே விட்டுடாதீங்கோ. மேல்முறையீடு பண்ணலாம்."

"யாருக்கு சார்?"

"செயலாளருக்குத்தான்."

இன்பநாதன் பேனாவை மூடினார்.

"அவரைப் பாக்கறது கஷ்டம் சார்," என்றார். "முன்கூட்டியே சொல்லிவைக்கணும்."