பறக்கும் படைப் பிள்ளை

பொதுத்தேர்வு எழுதிய யாருக்கும் பறக்கும் படையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் ஜீப்பில் வந்து இறங்குவார்கள், நாலு பேர் சட்டைப்பையைத் தடவுவார்கள், ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவனையும் விடை மறக்க வைத்துவிட்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பறந்துவிடுவார்கள். அந்தப் படை தேர்வோடு ஓய்ந்துவிடும். வருடம் முழுக்கப் பறக்கிற படை ஒன்று இருக்கிறது. பார்க்க ஆசையிருந்தால் ஏதாவது ஒரு இரண்டாம் சனிக்கிழமை எங்கள் செஞ்சிக்கு வந்து, முதியோர் இல்லத்து வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். அம்மாவை, அப்பாவை அங்கே சேர்த்துவிட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இல்லத்தைச் சோதனை போடுகிற பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பறக்கும் படைப் பிள்ளை உள்ளே நுழைந்ததும் அம்மாவைப் பார்க்காது. மின்விசிறியைப் பார்க்கும். விசிறி சுற்றினால் தூசு எங்கே என்று பார்க்கும், சுற்றாவிட்டால் ஏன் சுற்றவில்லை என்று கேட்கும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலை மேனேஜர் மூக்குக்கு நேரே நீட்டும். தண்ணீர் கேனைத் திருப்பித் தேதி படிக்கும். கழிவறைக்குள் போய், பயன்படுத்தாமல், வாளியை எண்ணிவிட்டு வெளியே வரும். கைப்பேசியில் படம் எடுக்கும். “எனக்கு மேல வரைக்கும் ஆள் இருக்குது, சும்மா உட மாட்டேன்” என்று ஒரு தடவையாவது சொல்லும். உட்காரவே உட்காராது. உட்கார்ந்தால் சோதனை எப்படி நடக்கும்?

தப்பாக நினைக்காதீர்கள். கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்காத பிள்ளைகளின் தாய் தகப்பன் கதி என்ன என்பதும் எனக்குத் தெரியும். என் பெரியப்பா ரங்கநாதன் இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கூட்டுரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் சனிக்கிழமை தோறும் போய் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அப்படிப் போகும்போதுதான் ஆனந்தராஜைப் பார்த்தேன். என் கண்ணால் கண்ட பறக்கும் படைகளில் அவர்தான் படைத்தலைவர்.

ஆனந்தராஜுக்கு ஊர் அனந்தபுரம். வேலை சென்னையில், ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அம்மா மீனம்பாள் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபின் நடமாட முடியாமல் போகவே, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே சேர்த்தார். பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திண்டிவனம் வழியாக மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு, ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு, மாதம் தவறாமல் வருகிறவர். வந்து இறங்கியதும் வீட்டுப் பிள்ளை காரிலேயே தங்கிவிடும், அதிகாரி மட்டும் உள்ளே வருவார். அதுதான் சிக்கல்.

ஆவணி மாதத்துச் சோதனையில் ஆனந்தராஜ் ஒரு பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்தார். காலை ஒன்பதரை மணி. லூசி என்கிற பணிப்பெண் மீனம்பாள் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, சாம்பாரில் இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வெறுங்கை. தலையில் தொப்பி இல்லை. வாய் வேறு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

“இன்னா இது? கையால பிசையறீங்க! கிளவுஸ் எங்க? கேப் எங்க?”

“கை கழுவிட்டுதான் சார் பிசையறேன். கிளவுஸ் போட்டா சூடு தெரியாது, ஆத்தாவுக்கு வாய் வெந்துடும்.”

“ரெண்டு இட்லிக்கு எவ்ளோ நேரம்?”

“முக்கா மணி ஆவும் சார். கதை சொன்னாதான் முழுங்குவாங்க.”

முக்கால் மணி! பேச்சு! வெறுங்கை! தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒரே நாளில் இத்தனை குறையைக் கண்டால் விடுவாரா? நேரே மேனேஜர் அமிர்தசாமியின் அறைக்குப் போனார். அமிர்தசாமி முப்பது வருடம் எங்கெங்கோ குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தத்துக்குப் பயந்தவர். அரை மணி நேரத்தில் மூன்று உத்தரவுகள் பிறந்தன. லூசி பெண்கள் பக்கம் வரக்கூடாது. இனி எல்லாவற்றுக்கும் ரெஜிஸ்டர், கையெழுத்து. மூன்று வேளையும் அம்மாவுக்குச் சாப்பாடு வைத்ததும் படம் எடுத்து ஆனந்தராஜுக்கு அனுப்ப வேண்டும்.

லூசி ஆண்கள் பக்கத்துக்கு வந்தாள். தொப்பி போட்டுக்கொண்டாள், பேச்சை மட்டும் விடவில்லை. அதுவரை பாதித் தட்டை ஒதுக்கிக்கொண்டிருந்த என் பெரியப்பா முழுத் தட்டும் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குப் பரம சந்தோஷம். அந்தப் பக்கம் யார் பட்டினி என்று நான் ஏன் கேட்கப் போகிறேன்?

பெண்கள் பக்கத்துக்கு நிலா என்கிற புதுப்பெண் வந்தாள். பதினாலு பேருக்கு ஒருத்தி. தொப்பி, கையுறை, இரண்டும் உண்டு. தட்டை வைப்பாள், மீனம்பாளைக் கொஞ்சம் நிமிர்த்துவாள், படம் எடுப்பாள், அனுப்புவாள், அடுத்த கட்டிலுக்கு ஓடுவாள். அரை மணி கழித்து வந்து தட்டை எடுப்பாள். கெட்ட பெண் இல்லை. அவளுக்கு இருப்பது இரண்டு கால், அவ்வளவுதான். படங்கள் சென்னைக்குப் பறந்தன. சென்னையிலிருந்து உடனுக்குடன் கட்டைவிரல் திரும்பி வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆனந்தராஜ் எழுதினார்: ‘சிஸ்டம் செட் பண்ணிட்டேன்.’

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை நான் போனபோது, என் பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் மீனம்பாள் சக்கர நாற்காலியில் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தபடி இருந்தார். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு டீயில் முக்கி, அது கரைந்து விழ, மறுபடி முக்கி, மறுபடி கரைய, ஒரு வேலையாக அதைச் செய்துகொண்டிருந்தார். ஆனந்தராஜின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது. அங்கே அவர் சாம்பாரை ருசி பார்த்து, பருப்பின் அளவைப் பற்றி விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். வந்து இருபது நிமிடமாகிறதாம்.

“இன்னாம்மா, இட்லி சாப்டலியா?” என்றேன்.

“எத்த வெச்சி சாப்புடறது?” என்று வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

“பல்செட்டு?”

“காணோம் தம்பி. லூசி போன மறுநாளே காணோம். அதுதான் காலைல கழுவி மாட்டும். சின்னக் குட்டிக்கு அப்படி ஒண்ணு இருக்குதுன்னே தெரில.”

“நாலு வாரமாவா? யார்கிட்டயும் சொல்லலியா?”

“யார்கிட்ட சொல்றது? எம் புள்ள வந்தா அடுப்பங்கரைல இருக்கான்.” பிஸ்கட்டை மறுபடி டீயில் முக்கினார். “சொன்னா கத்துவான் தம்பி. கத்துனா இந்தக் குட்டியையும் தூக்கிடுவாங்க. அப்பறம் யாராச்சும் வருவாங்க. அவுங்களுக்கு எம் பேரே தெரியாது.”

எழுந்து சமையலறைக்குப் போய் ஆனந்தராஜைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

அவர் கத்தினார். மீனம்பாள் சொன்னது அட்சரம் பிசகவில்லை. அமிர்தசாமியின் அறைக் கதவு அடித்துத் திறந்த சத்தத்தில் வெளியே மரத்திலிருந்த குரங்குகள் காம்பவுண்டுச் சுவருக்குத் தாவின. “நாலு வாரமா எங்கம்மா பட்டினி! இன்னா நிர்வாகம் நடத்தறீங்க? ஒரு ஆளுக்குக் கூடவா தெரில?”

அமிர்தசாமி ரெஜிஸ்டர்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில், துணி துவைக்கும் பாவாடை என்பவர் தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த பல்செட் ஒன்று, உரியவர் தெரியவில்லை, அலுவலக அலமாரியில் பத்திரமாக வைக்கப்பட்டது என்று தேதியோடும் கையெழுத்தோடும் எழுதியிருந்தது. இல்லத்தில் இருபத்தெட்டுப் பேர். கட்டில் கட்டிலாகப் போய் ஒருவர் கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் கேட்க வேண்டும் என்று எந்த ரெஜிஸ்டரிலும் கட்டம் போடவில்லையே.

அடுத்தது எடை ரெஜிஸ்டர். மீனம்பாள், போன மாதம் நாற்பத்து நாலு கிலோ. இந்த மாதம் நாற்பது. அழகான கையெழுத்து. அதற்குக் கீழே, ‘பார்வையிட்டேன், திருப்தி’ என்று பச்சை மையில் இன்னொரு கையெழுத்து. அன்று காலை பத்து மணிக்கு ஆனந்தராஜ் போட்டது.

“தப்புதான் சார்” என்றார் அமிர்தசாமி. “நாங்க பாத்திருக்கணும். எழுதறதுலயே இருந்துட்டோம். பாக்காம உட்டுட்டோம்.”

ஆனந்தராஜ் கைப்பேசியை எடுத்து, “போட்டோ வந்துதே… தெனம் வந்துதே…” என்று தள்ள ஆரம்பித்தார். எண்பத்து நாலு படங்கள். ஒவ்வொன்றிலும் இட்லி, சோறு, உப்புமா, நடுவில் குழம்பு. எல்லாத் தட்டும் நிறைந்த தட்டு. காலித் தட்டு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் தெரிந்தது. ஒரு படத்தில் அவர் விரல் நின்றது. தட்டுக்கு மேலே, ஓரத்தில், பாதி முகம். உதடு உள்ளே மடிந்து, கன்னம் குழிந்து, படம் எடுக்கிற பெண்ணைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று லேசாகச் சிரித்துக்கொண்டிருந்த முகம். அதற்கு அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். எண்பத்து நாலுக்கும் கீழே எண்பத்து நாலு கட்டைவிரல்.

அவர் வராந்தாவுக்குப் போனார். நான் பின்னாலேயே போகவில்லை, ஆனாலும் தெரிகிற இடத்தில்தான் நின்றேன். அவர் முதலில் நின்றார், அப்புறம் சுற்றிப் பார்த்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த இல்லத்துக்கு வர ஆரம்பித்ததிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அமிர்தசாமி அனுப்பி வைக்க, லூசி அலமாரியிலிருந்த பல்செட்டைக் கழுவிக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தாள். நாலு வாரத்தில் ஈறு சுருங்கிவிட்டதோ என்னவோ, ஆடியது. “டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணணும் சார். அதுவரைக்கும் பிசைஞ்சுதான் குடுக்கணும்” என்றாள்.

“கிளவுஸ் எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் ஆனந்தராஜ். பழக்கதோஷம். லூசி தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆனந்தராஜ் கையைக் கழுவிக்கொண்டு வந்து இட்லியைப் பிசைந்தார். முதல் வாய் அவசரமாகப் போனது.

“மெதுவாடா” என்றார் மீனம்பாள். “பஸ்ஸா புடிக்கணும்?”

முழு இட்லி இரண்டுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. லூசியை விடப் பத்து நிமிடம் கூடுதல். கதை சொல்லத் தெரியாததுதான் காரணம். அம்மாதான் சொன்னார், அனந்தபுரத்துச் சந்தையில் ஏழு வயது ஆனந்தராஜ் தொலைந்துபோய் வெற்றிலைக் கடையில் கிடைத்த கதையை. அவர் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தார். கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கை முழுக்கச் சாம்பார்.

அதற்குப் பிறகு திருந்திவிட்டாரா? பறக்கும் படை அவ்வளவு சீக்கிரம் தரையிறங்காது. இப்போது காலித் தட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறார். வந்ததும் முக்காலியைத் தேடுகிறார். விசிறியை உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்கிறார். மீனம்பாள் இப்போது நாற்பத்து மூன்று கிலோ. நிலாவுக்குத் துணையாக லூசி மறுபடி பெண்கள் பக்கத்துக்கே வந்துவிட்டாள்.

அப்படியானால் ஆண்கள் பக்கம்? அங்கேதான் அநியாயம்! போன சனிக்கிழமை என் பெரியப்பா பாதித் தட்டை ஒதுக்கியதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம். விறுவிறுவென்று அமிர்தசாமியிடம் போய், இல்லத்தின் பொறுப்பின்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். திரும்பி வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது, பெரியப்பா தூங்கிப்போயிருந்தார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் அண்ணனோ நாத்தனாரோ ஞாபகத்துக்கு வந்திருப்பார், ‘அச்சு அசல் அவரேதான்’ என்று இதை அவருக்கு அனுப்பி வைக்கலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். இதே பக்கத்தை அவரும் இப்போது படித்துக்கொண்டிருக்கலாம், உங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கலாம்.