பைய அண்ணாச்சியின் எதிரிகள்

கம்ப்யூட்டர்கள் ஒருநாள் மனிதர்களுக்கு எதிராகக் கிளம்பும் என்று இப்போது பெரிய பெரிய ஆட்கள் பேட்டி கொடுக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே அதைக் கண்டுபிடித்து, எதிரிகளைத் தன் கடைக்குள்ளேயே வைத்துக் காவல் காத்தவர் ஒருவர் பூதப்பாண்டியில் இருக்கிறார்.

ஊருக்கு அவர் பைய அண்ணாச்சி. 'பைய' என்றால் எங்கள் பக்கத்தில் மெதுவாக என்று அர்த்தம். ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் செய்து தரும் கடை அவருடையது. உள்ளே யார் வாயைத் திறந்தாலும், "பைய, பைய... அதுகளுக்குக் கேக்கும்" என்பார். அங்கே இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் பேச்சு நின்றுபோன சம்பந்திகள் மாதிரி ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்த்தால் திட்டம் போடுமாம். கேமராக் கண்களின் மேல் அவர் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. விவரம் தெரியாதவர்கள் அண்ணாச்சிக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்டேட் என்று திரையில் வந்துவிட்டால் அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னிடம் சொல்வார். "நாப்பது சதவீதம், அம்பது சதவீதம்னு நமக்குப் போக்கு காட்டுது. உள்ள கூட்டம் நடக்குது மக்களே. தீர்மானம் போட்டுட்டுதான் வெளிய வரும்."

'நான் ரோபோ இல்லை' என்ற கட்டத்தில் அவர் ஒருபோதும் டிக் அடித்ததில்லை. மவுஸை வந்தவர் கையில் கொடுத்துவிடுவார். "யாரு யாரு மனுசன்னு இப்பமே பட்டியல் எடுக்குது. எனக்க பேரு அதுல வரப்பிடாது."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய முக்கியச் சட்டம். அவசரம் என்று எந்திரத்துக்கு முன்னால் சொல்லக்கூடாது. தெரிந்தால் அது வேண்டுமென்றே படுத்துக்கொள்ளும். ஒருமுறை வளைகுடாவுக்குப் புறப்பட்ட கணவனின் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க ஒரு அக்கா ஓடி வந்தார். வெளியே கார் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா இந்த வழியா வந்தேன். ஒரு டிக்கெட்டு உண்டு. அடிச்சாலும் சரி, அடிக்கலைன்னாலும் சரி" என்றார். பிரிண்டர் உடனே அடித்தது. ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்து அண்ணாச்சி கண்ணடித்தார்.

எனக்கு எரிச்சலாக வரும். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் என்னுடையது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆளும் நான்தான். அதை யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன்.

அந்தக் கல்லூரிச் சேர்க்கைக்குத்தான், எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி யாரும் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் கட்டணச் சலுகை கிடையாது. சலுகை இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு கிடையாது. கடைசி நாள், மாலை ஐந்து மணி கடைசி நேரம். வாழைக்குலை சுமக்கும் அப்பா வேலையிலிருந்து அப்படியே வந்து, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். நான்கு மணிக்கு இருவரும் அண்ணாச்சி கடைக்குள் நுழைந்தோம். வழியெல்லாம் அப்பாவிடம் சட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன்.

உள்ளே கால் வைத்ததும் அப்பா, "அண்ணாச்சி! அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும். இல்லேன்னா பிள்ளைக்க படிப்பு போச்சு!" என்றார்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். "ஏன்வே, அதுக்க மூஞ்சிக்கு முன்னால வச்சா சொல்லுவீரு?"

ஸ்கேனரின் வெளிச்சம் பாதி தூரம் போய் நின்றது. மறுபடி வைத்தோம். மறுபடி நின்றது. போனில் படமெடுத்து ஏற்றிப் பார்த்தேன். தெளிவில்லை என்று இணையதளம் தள்ளிவிட்டது. "பாத்தியா, அங்கயும் தகவல் குடுத்தாச்சு" என்றார் அண்ணாச்சி. வேறு கடை தேடி நாகர்கோவில் போகப் பஸ் பிடித்தால் ஐந்து தாண்டிவிடும். மணி நாலரை.

அண்ணாச்சி அப்பாவை ஓரமாக இழுத்தார். "ஒரே வழிதான் உண்டு. பிள்ளைக்குப் படிப்பு வேண்டாம், வீட்டுல இருக்கட்டும்னு சத்தமாச் சொல்லும். அது ஏமாந்து வேலை செய்யும்."

அப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"சொல்லும்வே! பொய்தான!"

"பொய்யாட்டும் சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா. "எந்திரம் கேக்கட்டு, ஊரே கேக்கட்டு. எனக்க மவ படிப்பா."

அண்ணாச்சி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் செய்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஸ்கேனருக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

"எனக்க மேல உனக்குக் கோவம் உண்டு, தெரியும். அத எனக்கிட்ட வச்சுக்க. கடைய வேணும்னாலும் எடுத்துக்க. இந்தப் பிள்ளைய விட்டுரு. அந்த வீட்டுல மொதல் ஆளாக்கும்." பைய பேச மறந்து, தெருவுக்கே கேட்கும்படி அவர் குரல் உடைந்தது.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து வயர்களைத் தடவினேன். ஸ்கேனரின் கேபிள் கம்ப்யூட்டரில் பாதிதான் செருகியிருந்தது. பாதிக்கு மேல் போகாதபடி நூல் சுற்றி, ஒட்டுநாடாவும் போட்டிருந்தது. எல்லாம் அண்ணாச்சியின் கைவேலை. இரண்டும் ரொம்பப் பேசிக்கொள்ளக்கூடாது என்று அவர் செய்து வைத்த ஏற்பாடு. நூலைப் பிய்த்துவிட்டுக் கேபிளை முழுதாக அழுத்தினேன்.

தலைக்கு மேலே அண்ணாச்சி இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் எழுந்து பொத்தானைத் தட்டினேன். வெளிச்சம் கடைசி வரை ஓடியது. அப்பாவின் கையெழுத்து ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் இறங்கியது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படிவம் ஏறிவிட்டது. அண்ணாச்சி தோள்துண்டால் ஸ்கேனரைத் துடைத்தார். அப்புறம்தான் தன் கண்ணை.

நான் இப்போது நாகர்கோவிலில் மென்பொருள் பொறியாளர். யார் தப்பாகச் சொன்னாலும், அது மேலதிகாரியாகவே இருந்தாலும், அந்த இடத்திலேயே திருத்திவிடுவேன். அலுவலகத்தில் இதற்காகவே எல்லோருக்கும் என்னைக் கண்டால் பயம்.

ஊருக்குப் போகும்போது அண்ணாச்சி கடைக்குள் தலையை நீட்டுவேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்பார்: "அன்னைக்கு அதுக்கு மனசு எரங்கிச்சு, என்ன மக்களே?"

"ஆமா அண்ணாச்சி" என்பேன். "எரங்கிச்சு."