ஏழுகட்டத்தாரின் ரங்கூன் பயணம்

உலகத்தில் இதுவரை சொல்லப்பட்ட கதைகள் எல்லாம் ஒரே கதைதான் என்பதைக் கண்டுபிடித்த மேதை, மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இதை வேறு யாரோ பெரிய படிப்பாளி கண்டுபிடித்ததாக எங்காவது படித்தால் நம்பாதீர்கள். எங்கள் ஏழுகட்டத்தார் டியூபைத் தேய்த்துக்கொண்டே அதை எப்போதோ சொல்லிவிட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் கடை லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் ஏழுகட்டத்தார்.

"சாமி கதையாவட்டும், சினிமாக் கதையாவட்டும், ஏழே கட்டம்தான்லா" என்பார். "ஒண்ணு, ஆளு ஊர்ல சும்மா இருப்பான். ரெண்டு, எங்கிருந்தோ அழைப்பு வரும். மூணு, முடியாதும்பான். நாலு, ஒரு தொணை வந்து சேரும். அஞ்சு, ஆத்தையோ கடலையோ தாண்டுவான். ஆறு, செமத்தியா அடிபடுவான். ஏழு, எதையாச்சும் எடுத்துக்கிட்டு வீடு திரும்புவான். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் அது கதை இல்ல, வதந்தி."

இதைத் தொழிலிலும் கடைப்பிடித்தார் என்பதுதான் எங்கள் தலைவிதி. பஞ்சர் ஒட்டச் சொன்னால் முதல் தடவை "முடியாது" என்பார். அது மூன்றாவது கட்டம். தபால்காரர், எதிர்க்கடைச் சீன முதலாளி தவுக்கே எல்லோருக்கும் இது பழகிவிட்டது. கேட்பார்கள், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவருவார்கள், மறுபடியும் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள்தான் பாவம், விவரம் தெரியாமல் பண்டார் ஹிலிர் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

ஒரு முறை எங்கள் தெருவில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, காப்பி ஆறுவதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டான். விருந்தாளியாக உட்கார்ந்திருந்த ஏழுகட்டத்தார் எழுந்து நின்றார். "மூணாவது கட்டம் எங்க? மறுக்காம வர்றவன் பாதி வழியில திரும்பிடுவான்லா!" பெண்ணின் அப்பா அரண்டுபோய், ஒரே ஒரு தடவை மறுத்துவிடும்படி மாப்பிள்ளையைக் கெஞ்சினார். மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த அம்மாளை ரிக்‌ஷாவிலிருந்து இறக்குவதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. இவர் மட்டும் கேசரியைத் தின்றுகொண்டே, "பாத்தீங்களா, ஆறாவது கட்டம் முடிஞ்சிருச்சு" என்றார்.

இப்படியெல்லாம் பேச அவருக்கு ஒரு தகுதி இருந்தது. ஏழு கட்டத்தையும் தாமே கடந்தவர். சரக்குக் கப்பலேறி ரங்கூன் போய், எட்டு வருஷம் அலைந்து, சுறாமீனோடு மல்லுக்கட்டி, பித்தளைப் பம்பு ஒன்றோடு மலாக்காவில் இறங்கிக் கடை போட்டவர். எங்கள் தெருவுக்கு அவர் வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது.

ரங்கூன் கதைக்கு முதல் ரசிகை பக்கத்தில் பலகாரம் விற்ற செட்டி மாமி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்த மலாக்காச் செட்டிகளின் வீட்டுப் பேச்சு மலாய். மாமிக்குத் தமிழ் என்றால் உறவுமுறைகளும் சாமி கும்பிடும் வார்த்தைகளும்தான். அதனால் கதையும் மலாயில்தான் நடக்கும். சுறா வாயைத் திறக்கும் இடத்தில் மாமி "அடோய்!" என்று கரண்டியைக் கீழே போட்டுவிடுவாள், கேட்கும் ஒவ்வொரு தடவையும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஏழுகட்டத்தார் இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பிறந்த ஊரின் பெயர்கூட அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. பதியாவிட்டால் இங்கே அந்நியர், அங்கேயும் யாருமில்லை. நான் அப்போது ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. தெருவுக்கே விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். அவர் பாரத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. கடைசிப் பல வருஷங்கள் நாட்டை விட்டுப் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். "ரங்கூனைப் பத்தி மூச்சு விடாதீங்கண்ணே" என்று எச்சரித்துவிட்டு, வெளியே போனதில்லை என்று எழுதினேன்.

நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஏழுகட்டத்தார் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"என்னாண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"அழைப்பு வந்துச்சு, முடியாதுன்னேன். மறுபடி கூப்பிடுவாங்க, இரு."

"கவர்மெண்டுண்ணே அது! பஞ்சர் கடை இல்ல!"

அவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி, ஆபீசர் காலைப் பிடிக்காத குறையாக வேறு நாள் வாங்கிவந்தேன். இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

சாட்சிக்குச் செட்டி மாமியையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம். பாலத்தின் நடுவில் நின்று, "அஞ்சாவது கட்டம்" என்று மலாக்கா ஆற்றைக் கும்பிட்டார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

மலாய் அதிகாரி நல்ல மனிதர். நாங்கள் அவரைத் துவான், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டோம். பெயர், தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, "வெளிநாடு போயிருக்கிறீர்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் மாமி உட்கார்ந்திருந்தாள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "ரங்கூன், துவான். எட்டு வருஷம்" என்றார். மாமி பெருமையோடு தலையாட்டினாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்படியானால் நான் கையெழுத்துப் போட முடியாது."

ஏழுகட்டத்தார் அதிகாரியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எட்டு வருஷத்துக் கடை லைசென்ஸ்.

"ரங்கூன் இல்ல, துவான்" என்றார். "ஜாசின்."

ஜாசின் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

"கப்பலேறணும்னுதான் இருந்தேன், துவான். கெளம்புறப்ப எல்லாம் எவனாச்சும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்துட்டான். விட்டுட்டு எப்படிப் போறது?"

அதிகாரி ஒவ்வொரு லைசென்ஸாகப் புரட்டினார். சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

குடியுரிமை கிடைத்துவிட்டது. ஆனால் திரும்பும் வழியில் மனிதர் பாலத்தில் நிற்கவில்லை, மாமியின் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் கடையைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தவுக்கே வந்து பஞ்சர் ஒட்டச் சொன்னதும் முதல் தடவையே "சரி" என்றாராம். தவுக்கே பயந்துபோய் என்னைத் தேடி ஓடிவந்தார். எனக்கும் மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் நான் போனபோது, ஓட்டவே தெரியாத மாமி தன் புருஷனின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலில் நின்றாள். இரண்டு டயரிலும் காற்றில்லை.

"அண்ணே, ஜாசின் கதையைச் சொல்லுங்கள்" என்றாள் மலாயில்.

"அதுல ஒண்ணுமே இல்ல மாமி. வெறும் பஞ்சர்."

"எனக்கு அதுதான் வேண்டும். முதலில் வந்தது யார் சைக்கிள்?"

அவர் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

மாமிக்குப் பின்னால் தவுக்கே, தபால்காரர் என்று தெருவே காற்றுப் போன டயர்களோடு நின்றது. நான் பதினோராவது ஆள். புது டயர் அது, நல்ல ஆணியாகத் தேடி நானே குத்திக்கொண்டு போயிருந்தேன்.