வெளியூர்ப் பணியில் இருக்கிறார்

"பணியில் இருக்கிறாரா?" என்று திரை கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

காலையிலிருந்து சர்வர்காரர் இந்த ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குடிநீர் வாரியத்தின் மெயில்களைக் கவனித்துவந்த பழைய சர்வர் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அதை அணைப்பதற்குள் ஊழியர்களின் டிஜிட்டல் சான்றிதழ்களை எல்லாம் வெளியே எடுத்துப் புதிய சர்வரில் ஏற்ற வேண்டும். செத்தவர், ஓய்வு பெற்றவர், சொல்லாமல் ஓடிப்போனவர் யாரும் புதிய இடத்துக்கு வரக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கிளை அலுவலகங்களின் பெயர்களை அங்கங்கே இருக்கும் கம்ப்யூட்டர் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். தலைமை அலுவலகம் இவர் தலையில். தட்டித் தட்டி விரல் மரத்துப்போன நேரத்தில் மனைவியின் பெயர் வந்து நின்றது.

அவள் இதே கட்டடத்தின் மாடியில், பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தவள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், அதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். சம்பளப் பிரிவு அந்த மாதமே அவள் பெயரை நறுக்கென்று வெட்டியது. அந்தப் பிரிவு வேறு எந்த வேலையையும் அவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. சான்றிதழை நீக்குவது மட்டும் சர்வர்காரரின் வேலை. அவர் நீக்கவில்லை.

"என்னப்பா, மெஷின் நின்னுடுச்சா?" என்று கேபிள்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர்தான் வயர். அலுவலகம் முழுக்க வயர் இழுத்தவர் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"மெஷின் நிக்கலண்ணே. நான்தான் நின்னுட்டேன்."

வயர் எட்டிப் பார்த்தார். திரையில் இருந்த பெயரைப் படித்தார். மறுபடி கேபிளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லப்பா" என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

சர்வர்காரர் 'ஆம்' என்று தட்டினார். முத்திரை வைக்கும் ரகசியச் சாவியையும் சேர்த்து எடுக்கவா என்றது திரை. ஆம். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தார். மற்றவர்களோடு மற்றவராக அவளும் புதிய சர்வருக்குக் குடிபோனாள்.

ஒரு சான்றிதழுக்கா இத்தனை திருட்டுத்தனம் என்று கேட்பீர்கள். அந்த வாரியத்தில் எந்த மெயில் போனாலும் அதில் டிஜிட்டல் முத்திரை இருக்க வேண்டும். 'இதை எழுதியது இன்னார்தான், அதற்கு நான் சாட்சி' என்று சர்வர் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். அவள் மாடியிலிருந்து கீழே புருஷனுக்கு அனுப்பும் மெயில்களுக்கும் முத்திரை வைத்துத்தான் அனுப்புவாள். 'சாயங்காலம் பால் வாங்கவும்.' முத்திரை. 'நேற்று நான் அழவில்லை, தூசி விழுந்தது.' அதற்கும் முத்திரை. இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டதற்கு, "அப்புறம் 'நீ எங்க சொன்ன'ன்னு நீங்க கேக்க முடியாதுல்ல" என்றாள்.

சான்றிதழ் ரத்தானால் அத்தனை டிக்கும் சிவப்பாகிவிடும். 'அனுப்பியவர் யாரென்று உறுதியாகவில்லை, நம்ப வேண்டாம்' என்று ஒவ்வொரு மெயிலின் தலையிலும் எழுதிவிடும். சர்வர்காரருக்கு அதைத்தான் தாங்க முடியாது. அவளை நம்ப வேண்டாம் என்று சொல்ல அது யார்?

புதிய சர்வர் பழையதைப் போல அப்பாவி இல்லை. வருகைப் பதிவோடு அதற்குத் தொடர்பு உண்டு. மறுநாளே அவள் பெயருக்கு ஒரு மெயில் வந்தது. 'தாங்கள் பணிக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கவும். தவறினால் சான்றிதழ் ரத்தாகும்.'

அவள் மெயில் பெட்டியைத் திறந்து அவரே பதில் போட்டார். 'காய்ச்சல்.' அது பொய்யும் இல்லை.

சர்வர் விடுவதாக இல்லை. 'காய்ச்சல் நீடிப்பதால் மருத்துவரின் சான்று இணைக்கவும்' என்றது. அவள் பெயரில் மருத்துவர் கொடுத்த சான்று ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கத்தான் செய்தது. அதை இணைத்தால் கதை கந்தலாகிவிடும்.

"வெளியூர்ப் பணின்னு போட்டு விடுப்பா" என்றார் வயர், கேபிளைப் பார்த்தபடியே. "நம்ம ஆபீஸ்ல வெளியூர் போனவன் எங்க இருக்கான், என்ன பண்றான்னு எவன் கேட்டிருக்கான்?"

போட்டார். சர்வர் உடனே ஏற்றுக்கொண்டது. அதுவாகவே ஆற்றங்கரைக் கிளையைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கும் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு, 'இவர் வந்து சேர்ந்தாரா?' என்று ஒரு கடிதமும் தட்டிவிட்டது.

சர்வர்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரென்றே தெரியாத அம்மா. இப்படி ஒருத்தி வரவே இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், பச்சை டிக்கும் போச்சு, இவர் வேலையும் போச்சு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குள் பதில் வந்திருந்தது.

'வந்து சேர்ந்தார். நன்றாக வேலை செய்கிறார்.' பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக்.

இருவரும் திரையையே பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, நிஜமாவே போயிட்டாங்களோ?"

"சும்மா இருங்கண்ணே. எனக்கே அப்படித்தான் இருக்கு."

வயர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "படிச்சுப் பார்க்காமலே கையெழுத்துப் போடற அதிகாரிப்பா அந்தம்மா. தங்கமான மனுஷி."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அன்று மத்தியானம் அந்த அம்மாவிடமிருந்து அவள் பெயருக்கு இன்னொரு மெயில் வந்தது. 'சாப்பிட்டாயாம்மா?'

சர்வர்காரர் அதை விட்டிருக்கலாம். ஆனால் அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. 'சாப்பிட்டேன்' என்று மனைவி பெயரில் எழுதினார். எழுதிவிட்டு, பொய்யாகிவிடக் கூடாதே என்று எழுந்துபோய்ச் சாப்பிட்டார்.

அதன் பிறகு தினமும் மெயில் வந்தது. தூக்கம் வருகிறதா, கால்வலி தேவலையா என்று அந்த அம்மா கேட்பார். இவர் பதில் போடுவார். மனைவி பெயரில் எழுதுவதால் அவள் எழுதுகிற மாதிரியே எழுத வேண்டும் அல்லவா? ஒருநாள், 'வானம் ஒரு மாதிரி இருக்கிறது, குடையை மறந்துவிட்டு அப்புறம் என்னைச் சொல்லாதீர்கள்' என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அது அப்படியே அவள் வாய். தான் எழுதினோமா, அவள் எழுதினாளா என்று அவருக்கே பிடிபடவில்லை. மேஜையில் கவிழ்ந்து படுத்து அழுதார். வயர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இதற்கிடையில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவர் பதவிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவளை அவருக்குத் தெரியாது.

"யாருங்க இந்தம்மா? ஒரு புகார் கிடையாது, ஒரு சண்டை கிடையாது. டீ குடிக்கப் போனதாக்கூடப் பதிவு இல்லையே."

"ரொம்ப அமைதிங்க சார்."

"இப்படி ஒருத்தர் போதுங்க, ஆபீஸ் உருப்பட்டுடும். நாளைக்கழிச்சு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் பாராட்டப் போறேன். அவங்களையும், நல்லா வேலை செய்றாங்கன்னு எழுதின அந்த மேற்பார்வையாளரையும் வரச் சொல்லுங்க."

"அவளால வர... அவங்களால வர முடியாதுங்க சார்."

"ஏன்?"

"ரொம்ப தூரம் சார்."

"கார் அனுப்பறேன்."

"கார் போற இடம் இல்லங்க."

"ஆமா, ஆத்தங்கரை இல்ல? சரி, படகு ஏற்பாடு பண்ணுவோம்" என்றார் இயக்குநர். நல்ல மனிதர், என்ன செய்வது.

சர்வர்காரர் அறைக்குத் திரும்பியபோது அழைப்பு இரண்டு பேருக்கும் போய்விட்டிருந்தது. தன் கதி என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த அம்மா? பிரியத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்ட பாவம். கூட்டத்தில் வைத்து, வராத ஆளை வந்ததாக எப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் இந்த வயதில் அவர் எங்கே போவார்? அதைவிட, தினமும் சாப்பிட்டாயா என்று கேட்ட பெண் உயிரோடு இல்லை என்பதை அந்தக் கூட்டத்திலா அவர் தெரிந்துகொள்ள வேண்டும்?

"மெயில்ல சொல்ற விஷயம் இல்லண்ணே இது."

"நேர்ல போயிட்டு வந்துடுப்பா" என்றார் வயர். கொஞ்சம் தயங்கி, "அப்ப அந்த டிக்கு?" என்று கேட்டார்.

"வந்து நானே எடுத்துடறேன். சிவப்பாவே இருக்கட்டும். அவ சொன்னது அவ சொன்னதுதான்."

மறுநாள் காலையில் பஸ் ஏறினார். அம்மா, நீங்க கேட்டது அவளை இல்ல, என்னை, நீங்க கேட்டதாலதான் நான் சாப்பிட்டேன் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். வழியில் எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் விட்டு இவர் பஸ் ஒதுங்கி நின்றது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கிளை அலுவலகம் ஆற்றை ஒட்டிய சின்னக் கட்டடம். வாசலில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

"யாரைப் பார்க்கணும்?"

"மேற்பார்வையாளர் அம்மாவை. தலைமை ஆபீஸ்லேர்ந்து வர்றேன். அவங்ககிட்ட ஒரு பெரிய பொய் சொல்லிட்டேம்மா. மன்னிப்புக் கேக்கணும்."

அவள் குழாயை மூடினாள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். அந்தம்மா செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இங்க கம்ப்யூட்டர் பார்க்கற அவங்க மகதான் அம்மா பேர்ல மெயில் போட்டுக்கிட்டிருந்துச்சு, இப்ப 'தலைமை ஆபீஸ்ல எங்கம்மாவை நம்பி ஒரு அக்கா தினம் பேசுறாங்க, அவங்ககிட்ட நேர்ல போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்'னு அழுதுகிட்டே காலையில உங்க ஊருக்குத்தான் பஸ் ஏறியிருக்கு."