கம்பளி சுற்றிய வாளி

அன்புள்ள மாப்பிள்ளை வீரபாண்டிக்கு,

அல் கோபாரிலிருந்து உன் அக்காள் கணவன் சேதுபதி எழுதுவது. அங்கே அனைவரும் நலமாயிருக்க வேண்டும். என் நலத்தைக் கெடுத்தவன் நீ என்பதால் அதை விசாரிக்க வேண்டாம். போனில் சொன்னால் உன் அக்காள் காதில் விழும் என்று, லீவில் வரும் அறைத்தோழன் ராஜிக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வியாழன் மாலை அறையில் எட்டுப் பேரும் பார்த்தோம். இந்தச் சவூதியைப் போலவே அமெரிக்காவிலும் மதுவுக்குத் தடை போட்ட காலம், தொப்பி போட்ட ரவுடி பீப்பாய் பீப்பாயாகச் சாராயம் கடத்துகிறான், கடைசியில் தெருவில் சுடப்பட்டுச் சாகிறான். செத்ததை மட்டும் யாரும் மனதில் வைக்கவில்லை. படம் முடிந்ததும் கார்மேகம் சைட் ஹெல்மெட்டைச் சாய்த்துப் போட்டு, என் கட்டிலடியில் இருந்த வாளியை இழுத்து அதன்மேல் காலை வைத்துப் போட்டோ எடுத்து, "நாளைக் காலையில் சரக்கு ரெடி" என்று ஆங்கில எழுத்தில் இந்தியில் எழுதி ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். வாளியில் இருந்தது வெள்ளிக்கிழமை இட்லிக்கு நான் அரைத்த மாவு. ஜனவரிக் குளிரில் பொங்காமல் போய்விடுமே என்று கம்பளி சுற்றி வைத்திருந்தேன், நான் செய்த குற்றம் அவ்வளவுதான். காலையில் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுக் கேம்ப் பாஸ் அப்துல் ஹாதி வந்தார். பெஷாவர்க்காரர், இட்லியைக் கண்ணால் கண்டதில்லை. கம்பளியை விலக்கி மூடியைத் திறந்ததும் நுரை எழும்பி அவர் செருப்பில் வழிந்தது. "யே க்யா ஹை?" என்றார், இது என்ன என்று.

"இட்லி மாவு, பாய்."

"பொங்குதே, என்ன போட்ட?"

"உப்புதான் பாய். தானாப் பொங்கும்."

"தானாவா? சாராயமா காய்ச்சுற? முதல் பிளைட்ல ஊருக்கு ஏத்திருவேன்!" என்று என் லீவுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ரவுடி கார்மேகம் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டான். அந்த லீவு எதற்கென்று உனக்குத் தெரியும். தை இருபதில் சந்தியாவுக்குக் காதுகுத்து. பதினோரு மாதக் குழந்தையை நான் இன்னும் தூக்கியதில்லை. தாய்மாமன் என்று நீ மடியில் வைத்துக்கொள்வாய், பெற்றவன் நான் போனில் பார்க்க வேண்டுமா? வேலை போய்விடுமே என்று பயந்து, வெட்கத்தை விட்டு, ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று அவர் பின்னாலேயே ஓடிக் கெஞ்சினேன்.

குலதெய்வம் உன்னைக் காக்கட்டும், முக்கியமாக என் கையிலிருந்து.

இப்படிக்கு,
சேதுபதி

பி.கு.: உறையை ஒட்டுமுன் பாஸ் திரும்பி வந்து, "அவிச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். பதினோரு இட்லி தின்றார். "கலாஸ், விஷயம் முடிஞ்சது, நீ நல்லவன்" என்று கையைக் குலுக்கினார். லீவுத் தாளைக் கேட்டேன். "லீவு மாஃபி, கிடையாது. நீ போயிட்டா வெள்ளிக்கிழமை இதை யார் பண்றது?" என்கிறார். சாராயம்தான் என்று ஒத்துக்கொண்டிருந்தால் முதல் பிளைட்டிலேயே காதுகுத்துக்கு வந்து சேர்ந்திருப்பேன், மாப்பிள்ளை.