பள்ளம் விழாத ஐந்தாம் கட்டை

எங்கள் வீதிக் கந்தோரின் பொறுப்பில் உள்ள பாதைகளில் பள்ளம் விழுவது வழமை. விழாமல் இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். தெல்தோட்டைப் பக்கம் மலையேறும் ஒரு கிளைப்பாதையில், ஐந்தாம் கட்டையில் மட்டும், பதினெட்டு வருடமாக ஒரு பள்ளம்கூட விழவில்லை என்ற பாரதூரமான விடயம் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த பெருமை என்னுடையது. முஹ்ஸின், எழுதுவினைஞர், இரண்டாம் தரம். வசிப்பது மேற்படி பாதையின் ஆறாம் கட்டையில். மைல்கல்லைப் பிடுங்கிக் கிலோமீற்றர்க் கல் நட்டு எத்தனையோ வருடமாகியும் எங்கள் பக்கத்தில் மைல் இன்னும் கட்டைதான்.

நானாகத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சுற்றுநிருபம் கண்டுபிடிக்க வைத்தது. கொழும்பிலிருந்து வருடத்துக்கு ஒரு நாகரிகம் எங்கள் கந்தோருக்கு வந்து இறங்கும். ஒரு வருடம் ஜப்பான்காரரைப் போல அலுமாரியை ஒழுங்காக வைக்கச் சொன்னார்கள். ஒழுங்காக வைத்ததில் பாதிக் கோப்புகளை இன்றுவரை காணவில்லை. அடுத்த வருடம், கந்தோருக்கு வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைக்கச் சொன்னார்கள். கோப்பைக் காணவில்லை என்பதைப் புன்னகையோடு சொன்னோம். மூன்றாம் வருடத்து நாகரிகம் ‘நடைமுறை அனுபவம்’. படிப்பும் பட்டமும் பெரிதல்ல, கையால் வேலை செய்து பெற்ற அனுபவமே நாட்டின் செல்வம் என்று பத்துப் பக்கத்தில் எழுதியிருந்தது. எழுதிய மூவருக்கும் பெயருக்குப் பின்னால் ஒன்றரை வரி பட்டம் இருந்தது.

விடயம் இதுதான். நாட்கூலிக்கு வேலை செய்யும் அமைய ஊழியர்களில் நடைமுறை அனுபவம் உள்ளவர்கள் நிரந்தரமாக்கப்படுவார்கள். இல்லாதவர்கள் டிசம்பரோடு நிறுத்தப்படுவார்கள். அனுபவத்தை நிரூபிப்பதற்கு ஒரு படிவமும் வந்தது. அதில் மூடிய பள்ளங்களின் தொகையை எழுதி, மூடுவதற்கு முன் எடுத்த படமும் மூடிய பின் எடுத்த படமும் ஒட்ட வேண்டும்.

ஆறாம் கட்டையைப் பார்க்கும் லெட்சுமணன் நாற்பத்திரண்டு பள்ளங்களோடு வந்தார். உண்மையில் அவை ஏழு பள்ளங்கள்தான். ஒவ்வொன்றையும் ஆறு தடவை மூடியிருந்தார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதானே அனுபவம்? படிவத்தில் இடம் போதாமல் வேறு தாள் ஒட்டிக் கொடுத்தேன்.

ஐந்தாம் கட்டையைப் பார்க்கும் அழகமுத்துவின் படிவத்தில் பூச்சியம்.

இந்த அழகமுத்துவைப் பாதையில் போகிற எல்லோருக்கும் தெரியும். வெயில் நாளில் பலா மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பார். வானம் இருட்டினால் எழும்பிவிடுவார். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு கொட்டும் மழையில் நடுப்பாதையில் நிற்பார். தண்ணீர் மலையிலிருந்து எந்த வழியாக வருகிறது, பாதையோர வடிகாலான கானில் எங்கே தேங்குகிறது, மதகின் வாயில் எந்தச் சவுக்கு இலை போய் அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். இரண்டு கொத்து இங்கே, ஒரு தள்ளு அங்கே. அவ்வளவுதான் வேலை. பஸ்ஸின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு மனுஷன் அரசாங்கச் செலவில் மழையில் நனைகிறான் என்றுதான் தோன்றும்.

அப்படித் தோன்றியதால் ஒரு தடவை ஊரார் சேர்ந்து மகஜர் அனுப்பியிருந்தோம். ‘மேற்படி ஊழியர் வெயிலில் உறங்குகிறார், மழையில் வேடிக்கை பார்க்கிறார்’ என்று அதில் இருந்தது. நாற்பது கையெழுத்து. பதினேழாவது என்னுடையது.

நேர்முகப் பரீட்சையை நடத்தியவர் எங்கள் புதிய பொறியியலாளர் குலசேகரம். யாழ்ப்பாணத்து ஆள், நேர்மையானவர், ஒரு கோப்பையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார். வெளிநாட்டில் ஆறு மாதம் நடைமுறை அனுபவத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தார். அழகமுத்து சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்து, கதிரையில் உட்காராமல் நின்றார். குறிப்பெடுக்க நான் இருந்தேன்.

“எத்தினை பள்ளம் மூடினனீர்?”

“ஒண்ணும் மூடலீங்க ஐயா.”

“பதினெட்டு வருசமா?”

“பள்ளம் விழலீங்க.”

“அப்ப என்ன வேலைதான் செய்தனீர்?”

“மழைக்கு ரோட்டுல நிப்பேங்க. தண்ணி எங்க போவுதுன்னு பாக்கணும்ல.”

பொறியியலாளர் பேனையை மேசையில் வைத்தார். “தண்ணி மேலயிருந்து கீழ போகும். அதை நான் பேராதனையில முதலாம் வருசமே படிச்சிட்டன்.”

“அது சரிங்க ஐயா. நம்ம அஞ்சாங்கட்டையில சில நேரம் குறுக்கால போவுங்க.”

குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதினேன்: ‘விண்ணப்பதாரிக்கு நீரின் திசை பற்றி உறுதியான அறிவு இல்லை.’

என்றாலும் குலசேகரம் ஐயா கல்நெஞ்சக்காரர் அல்ல. சுற்றுநிருபத்தை நன்றாகத் துழாவிப் பத்தாம் பக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். நடைமுறை அனுபவம் இல்லாதவர்கள் ‘நடைமுறை அனுபவத்தின் பெறுமதி’ என்ற ஐந்து நாள் செயலமர்வில் பங்குபற்றிச் சான்றிதழ் பெற்றால், அது ஐந்து வருட அனுபவத்துக்குச் சமமாகக் கருதப்படும். ஒரு நாள் தவறினாலும் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் டிசம்பரோடு வேலை இல்லை.

அழகமுத்து தயங்கினார். செயலமர்வு விழுந்த கிழமை ஐப்பசி மழைக் கிழமை. அவருடைய மனைவி ரத்தினம்மாதான் தள்ளி அனுப்பினார். “பதினெட்டு வருசம் நனைஞ்சீங்க, யாரு பாத்தா? அஞ்சு நாளு உள்ளுக்குள்ள குந்திட்டு வாங்க, பேரு பதிஞ்சிருவாங்க,” என்றாராம்.

செயலமர்வு கண்டியில், குளம் தெரியும் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் நடந்தது. குளிரூட்டிய மண்டபம். வரவு குறிப்பது என் கடமை. முதல் நாள் ‘மழை: ஓர் அறிமுகம்’. சுவரில் வெளிச்சம் அடித்துப் படம் காட்டினார்கள். வெளியே அசல் மழை பெய்ததால் மண்டபம் இருண்டு படம் தெளிவாகத் தெரிந்தது என்று எல்லோருக்கும் திருப்தி. இரண்டாம் நாள் பெரிய தாளில் நிறப் பேனையால் ஒரு நல்ல பாதையை வரையச் சொன்னார்கள். அழகமுத்து ஒரு மலையை வரைந்தார், மலையோரம் ஒரு கான் வரைந்தார், கானிலிருந்து ஒரு மதகு வரைந்தார். பேனையை மூடி வைத்துவிட்டார்.

“பாதை எங்க?” என்று பொறியியலாளர் கேட்டார்.

“கான் சரியா இருந்தா ரோடு இருக்குங்க ஐயா.”

பத்துக்கு இரண்டு புள்ளி. அதுவும் மலைக்கு.

மூன்றாம் நாள் விரிவுரை குலசேகரம் ஐயாவுடையது. உண்மையைச் சொல்ல வேண்டும், மிக நல்ல விரிவுரை. பாதையைக் கெடுப்பது லொறி அல்ல, தண்ணீர். அடைமழைக்கு முன்னும் மழை பெய்யும்போதும் கானையும் மதகையும் துப்புரவாக்குவதே பராமரிப்பின் உயிர். அதை அந்தந்த இடத்துத் தண்ணீரை அறிந்த அனுபவசாலிதான் செய்ய முடியும் என்று உலக நாடுகளின் புள்ளிவிவரங்களோடு நிரூபித்தார். அழகமுத்து கையை உயர்த்தினார்.

“அப்ப நா போயி வெட்டிட்டு வந்துறட்டுங்களா ஐயா? மூணு நாளா ஊத்துது.”

“கேள்விகள் கடைசியில,” என்றார் பொறியியலாளர்.

தேநீர் வேளையில் அழகமுத்து குடையோடு வாசலில் நின்றார். நான்தான் மறித்தேன். “பைத்தியமா அழகமுத்து? ரெண்டு நாள் தானே ஈக்கிது. சேர்டிபிகேட் இல்லாட்டி நியமனம் இல்ல. ரோடு இன்னைக்கு நேத்து ரோடா? அது நிக்கும்.”

“அது நிக்காது நானா. நா நின்னதாலதான் அது நின்னுச்சு.”

‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மாட்டுக்குப் புல் போட வேண்டும் என்பது போலத்தான் சொன்னார். நான் வரவுப் புத்தகத்தைத் திறந்து அவருடைய பெயரைக் காட்டினேன். பெயருக்கு எதிரே மூன்று நாள் சரி அடையாளம், இரண்டு நாள் வெற்றிடம். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நான் அவருடைய நன்மைக்குத்தான் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் சான்றிதழ் வழங்கும்போது கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தது. மதகு அடைத்துத் தண்ணீர் குறுக்கே பாய்ந்து, ஐந்தாம் கட்டையில் ஒரு பஸ் நீளத்துக்குப் பாதை இடிந்து தேயிலைக்குள் போய்விட்டது. சாரதி தூரத்திலேயே வெடிப்பைக் கண்டு பஸ்ஸை நிறுத்தியதால் உயிருக்கு ஒன்றுமில்லை. பொறியியலாளர் தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டார்: “படம் எடுத்தாச்சோ?”

அடுத்ததாக அழகமுத்துவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சான்றிதழை வாங்கிக் கடைப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்று நாங்கள் இருவரும் நாலாம் கட்டையில் பஸ்ஸால் இறங்கித் தேயிலைக்குள்ளால் ஏறிப் போனோம். என் இரண்டு காலிலும் அட்டை. அவர் இடிந்த இடத்தில் நின்று மதகைத் தேடினார். மதகு இருந்த இடத்தையே காணவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னுடைய பதினேழாவது கையெழுத்து அன்றுதான் எனக்கு முதல் தடவை உறுத்தியது.

ஆனால் ஐந்தாம் கட்டைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. பதினெட்டு வருடம் கந்தோரில் எங்கள் மகஜரைத் தவிர ஒரு கடுதாசிகூட இல்லாத இடத்துக்கு இப்போது மூன்று கோப்பு. பிரமுகர்கள் வந்து இடிந்த இடத்தை எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் இயந்திரங்கள் வந்தன. ஊர் மாலை போட்டது. நாங்கள் ஏழு மாதம் அட்டைக்கடியோடு நடந்தோம், ஆனால் அபிவிருத்தி நடக்கிறது என்று சந்தோஷமாக நடந்தோம். குலசேகரம் ஐயா இடிவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி, அதன் பேரில் கொழும்புக்குப் பதவி உயர்ந்து போனார். அழகமுத்துவுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. கடிதத்தைத் தட்டெழுதியவன் நான்.

புதிய பாதையில் கொங்கிறீற்றுக் கான் கட்டினார்கள். பார்வைக்கு வெகு அழகு. கானின் விளிம்பு பாதையை விட ஒரு சாண் உயரம். போவதற்கு முன் கடைசித் தடவையாக வந்த குலசேகரம் ஐயாவிடம் அழகமுத்து பணிவாகக் கேட்டார்.

“ரோட்டுத் தண்ணி மேல ஏறி கானுக்குள்ள போகாதுங்களே ஐயா?”

“பிளானில போகுது,” என்றார் அவர்.

பிளானில் போன தண்ணீர் பாதையில் போகவில்லை. முதலாவது மழைக் காலத்திலேயே அது பாதையில் நின்று யோசித்தது, இரண்டாவதில் குழி தோண்டியது. கொங்கிறீற்றை மண்வெட்டியால் வெட்ட முடியாது; வெட்டினால் அரச சொத்துக்குச் சேதம் என்று நானே விதியை வாசித்துக் காட்டினேன். ஆகவே அழகமுத்து பள்ளம் மூடத் தொடங்கினார். மழை விட்டதும் தார்ச் சட்டியும் கல்லுமாக வருவார். முன் படம், பின் படம். அந்த வருடக் கணிப்பில் ஐம்பத்தொரு பள்ளங்கள். லெட்சுமணனை ஒன்பது பள்ளத்தால் முந்திவிட்டார்.

இதையெல்லாம் ஊர் பஸ்ஸின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நன்றி கெட்டவர்கள் அல்ல. மீண்டும் ஒரு மகஜர் தயாரித்தோம். ‘எமது ஐந்தாம் கட்டை ஊழியர் திரு. அழகமுத்து அவர்கள் முன்னர் மழையில் வெறுமனே நின்று காலம் கழித்தவராயினும், தற்போது வெயிலென்றும் பாராது இடைவிடாமல் பாதையைத் திருத்தி வருகிறார். இத்தகைய உழைப்பாளியைக் கௌரவிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.’ இந்த முறை நூற்றுப் பத்துக் கையெழுத்து. வாசகத்தை எழுதியவன் நான். முதலாவது கையெழுத்தும் என்னுடையது.

நல்ல செய்தியை நேரில் சொல்லலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ரத்தினம்மா தேத்தண்ணி தந்தார். நான் மகஜரை ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். அழகமுத்து தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ‘வெறுமனே நின்று’ என்ற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்தார், பிறகு குனிந்துவிட்டார்.

வெளியே மலையிலிருந்து தண்ணீர் இறங்கிப் பாதையால் ஓடும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் மண்வெட்டி காய்ந்துபோய்ச் சாத்தியிருந்தது. அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சான்றிதழ். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அழகமுத்து, தண்ணி ரோட்டால வருது,” என்றேன்.

அவர் கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியை ஆற அமரக் குடித்து முடித்தார்.

“மழ விடட்டும் நானா. பள்ளம் எங்க போயிரப் போவுது?”